ஒரே பின்னில் மூன்று கடிதங்கள்

டிப்போ மேலாளரின் அறைக்கு வெளியே, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் டைப்பக்காவின் மேஜை இருந்தது. அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி டிப்போவில் விசாரித்தால் ஒருவரும் கை காட்ட மாட்டார்கள். ஓட்டுநர்கள், நடத்துநர்கள், வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கும் மெக்கானிக்குகள் எல்லாருக்கும் அவள் டைப்பக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த போர்மேனும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் அடிக்கும் கடிதங்களில் ‘செட்’ என்று ஒரு வகை உண்டு. தொழிலாளி ஒருவர் தப்பு செய்துவிட்டால் முதலில் குற்றச்சாட்டுக் கடிதம் போகும். பத்து நாள் கழித்து விசாரணை. விசாரணையில் யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு குறிப்பு. அதற்குப் பிறகு தீர்ப்பு. மூன்று காகிதம், மூன்று வெவ்வேறு நாள். உலகத்தில் மற்ற இடங்களில் எல்லாம் இப்படித்தான். இந்த டிப்போவில் மட்டும் மூன்றையும் ஒரே நாளில், ஒரே மூச்சில் அடித்துவிடுவார்கள். தேதி வரவேண்டிய இடம் காலியாக இருக்கும். மேலாளர் மூன்றிலும் கையெழுத்துப் போடுவார். விசாரணைக் குறிப்பில் சாட்சிகளாகப் போர்மேனும் டைம்கீப்பரும் கையெழுத்துப் போடுவார்கள். முதல் கடிதம் தொழிலாளிக்குப் போக, மற்ற இரண்டும் டைப்பக்காவின் இழுப்பறையில் படுத்துத் தூங்கும். பத்தாம் நாள் எழுப்பித் தேதி போட்டால் வேலை முடிந்தது. பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கிறவர்களை நாம் கேலி செய்கிறோம். இங்கே பேர் வைத்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்து, பெயிலும் ஆக்கி வைத்திருந்தார்கள்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்த புண்ணியவதி யார் என்றால், டைப்பக்காவேதான். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு விசாரணை நாளில் மின்சாரம் போய்விட்டது. அப்போதிருந்த மேலாளர் நின்ற இடத்தில் குதித்தார். அடுத்த தடவை அவள் முன்யோசனையாக எல்லாவற்றையும் முதலிலேயே அடித்து வைத்தாள். ‘கெட்டிக்காரப் பொண்ணு’ என்று பாராட்டும் கிடைத்தது. அந்தப் பாராட்டு இத்தனை தூரம் வளரும் என்று அவளுக்கு அன்றைக்குத் தெரியாது.

இப்போதிருக்கும் மேலாளரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. விடியுமுன் வந்துவிடுவார். வண்டிக்கு டயர் இல்லை என்றால் தலைமை அலுவலகத்தோடு சண்டை போட்டு வாங்கி வருவார். அவர் வந்த இரண்டு வருடத்தில் வண்டிகள் நேரத்துக்கு ஓடின. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் இருக்கும். முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘நொடி’ என்று பெயர். எந்த நிறுத்தத்திலும் வண்டி இருபது நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்று அவரே ஒரு விதி எழுதி, அவரே பலகையில் ஒட்டினார். மீறுகிறார்களா என்று நிறுத்தங்களில் மறைந்து நின்று அவரே பார்த்தார். மாட்டியவரை அவரே உட்கார்ந்து விசாரித்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இவர் முயலுக்கு எத்தனை கால் இருக்கலாம் என்பதற்கே விதி எழுதியவர்.

பதினேழாம் நம்பர் வண்டியின் ஓட்டுநருக்கு ‘நிதானம்’ என்று பெயர். பத்தொன்பது வருடம் வண்டி ஓட்டியும் ஒரு கண்ணாடி உடைந்ததில்லை. ஒரு திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அவர் வண்டியைக் கிளப்பப் போகும்போது, சாலையின் எதிர்ப்பக்கம் இரண்டு ஊன்றுகோல்களோடு ஒருவர் கையைத் தூக்கினார். நிதானம் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். அந்த மனிதர் சாலையைக் கடந்து, படியேறி, உட்காரும்வரை வண்டி நகரவில்லை. நிழற்குடையின் பின்னால் நின்றிருந்த மேலாளரின் ஸ்டாப்வாட்ச் நூற்று முப்பது நொடி காட்டியது.

அன்று மத்தியானமே நிதானத்தை வண்டியிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“நிதானத்துக்கு ஒரு செட் போடுங்கம்மா,” என்றார் மேலாளர். “கடைசிப் பக்கம் பணிநீக்கம்.”

டைப்பக்காவின் கை விசைப்பலகை மேலேயே நின்றது. “டிஸ்மிஸா சார்? பத்தொன்பது வருஷ சர்வீஸ்.”

“அதனாலதான். அவரையே தூக்கிட்டேன்னா மத்தவன் எவனும் நிக்க மாட்டான்.”

“அவர் பக்கத்துல என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டா…”

“அதுக்குத்தானே விசாரணை இருக்கு,” என்றார் மேலாளர். அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். 

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் நாத்தனார் சட்டக் கல்லூரிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு மனசுக்குள் படிக்க வராது. வீடு முழுக்கப் படிக்க வேண்டும், யாராவது குறுக்குக் கேள்வி கேட்கவும் வேண்டும்.

“அண்ணி, இவரைக் கேளுங்க. முந்நூறு வருஷத்துக்கு முன்னால இருந்த ஒரு பிரபு. ஜட்ஜா இருந்தார். அந்த வேலையை வித்துட்டு ஊர் ஊராப் போய், எந்த நாட்டை எப்படி ஆளறாங்கன்னு பார்த்துட்டு வந்து எழுதினார்.”

“ஜட்ஜ் வேலையை விக்க முடியுமா என்ன?”

“அப்ப முடியும். வாங்கவும் முடியும்.”

“நல்லா இருக்கே. வித்துத் தின்னவரா நமக்கு நியாயம் சொல்றார்?”

“உள்ள இருந்து பார்த்தவங்களுக்குத்தானே அண்ணி ஓட்டை எங்கன்னு தெரியும்,” என்றாள் நாத்தனார். பிறகு பக்கத்தைப் புரட்டினாள். “சட்டம் போடறது ஒரு வேலை. அதை நடத்தறது ஒரு வேலை. ஒருத்தன் அதை மீறினானா இல்லையான்னு பார்த்துச் சொல்றது இன்னொரு வேலை. மூணையும் ஒரே ஆள்கிட்டக் கொடுத்துட்டா, மத்தவங்க கதி அதோகதிங்கறார்.”

“அந்த ஆள் நல்லவரா இருந்தா?”

“நல்லவரா இருந்தாலும்தான். அவர் நல்லவரா இருக்கிறது அவர் இஷ்டம். நாளைக்கு அவருக்குத் தலைவலி வந்தா? நம்ம பிழைப்பு அவர் தலைவலியை நம்பியா இருக்கணும்? கைக்குக் கை தடுக்கணும் அண்ணி, அப்பதான் எந்தக் கையும் ரொம்ப நீளாது. சுதந்திரம்னா என்னன்னு இவர் சொல்றதுதான் எனக்குப் பிடிச்சது. இஷ்டத்துக்கு ஆடறது இல்லையாம். இன்னொரு மனுஷனைப் பார்த்து நடுங்காம இருக்க முடியுதே, அந்த மன நிம்மதியாம்.”

டைப்பக்கா இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்து நின்றாள். சட்டைக் காலர் பொசுங்கி வாடை வந்தது.

“மூணு வேலையும் ஒரே ஆள் பார்த்தா,” என்று கேட்டாள், “அந்த மூணையும் டைப் அடிச்சுக் கொடுத்தவங்களை என்ன சொல்றார் உன் பிரபு?”

“அதெல்லாம் பரீட்சைக்கு வராது அண்ணி. அண்ணன் சட்டை எரியுது, முதல்ல அதைப் பாருங்க.”

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று சொல்வார்கள். அம்புக்கு அது பெரிய ஆறுதல். டைப்பக்காவுக்கு அன்றைக்கு அந்த ஆறுதல் போதவில்லை.

ஆனாலும் மறுநாள் அவள் செட்டை அடித்தாள். அதை ஒளிக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான். மனசு ஒரு பக்கம் அழும், கை ஒரு பக்கம் ஓடும். மனசு எங்கேயோ இருந்ததால் விசாரணைக் குறிப்பைப் புதிதாக எழுதாமல், போன வருடம் ஒரு பெண் நடத்துநருக்கு அடித்ததையே எடுத்து, பேரையும் வேலையையும் மட்டும் மாற்றினாள். அச்சடிக்கக் கொடுத்தாள். தலைமை அலுவலகம் அந்த மாதம்தான் ஒரு புதுப் பிரிண்டர் அனுப்பியிருந்தது. தானே தேதி போடும், தானே பின்னும் குத்தும். அதில் அடிக்கும் முதல் செட் இது. மூன்று கடிதத்துக்கும் அன்றைய தேதியைப் போட்டு, ஒரே கட்டாக நினைத்து, மூலையில் நறுக்கென்று ஒரு பின் குத்தித் தள்ளியது.

மேலாளர் போனில் பேசிக்கொண்டே மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். போர்மேன் கிரீஸ் கையோடு போட்டார். டைம்கீப்பர் நடந்துகொண்டே போட்டார். யாரும் படிக்கவில்லை. டைப்பக்கா பின் குத்திய கட்டை மறதியாக அப்படியே உறையில் போட்டு ஒட்டி, பதினேழாம் நம்பர் நடத்துநரிடம் கொடுத்தாள். டிப்போவில் தொழிலாளிகளுக்குப் போகும் கடிதங்கள் அந்தந்தத் தெரு வழியாகப் போகும் வண்டியில்தான் போகும்.

புதன்கிழமை காலை இழுப்பறையைத் திறந்தபோது உள்ளே ஒரு காகிதமும் இல்லை. மூன்றும் ஒரே உறையில் போய்விட்டது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. நேரே கண்ணாடித் தடுப்பைத் தாண்டிப் போய்ச் சொன்னாள்.

மேலாளர் கத்தவில்லை. ஸ்டாப்வாட்சை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். “அவன் பிரிச்சிருக்க மாட்டான். பயந்த ஆளு. நீங்களே போய், தப்பான கவர் வந்துடுச்சுன்னு சொல்லி வாங்கிட்டு வந்துடுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்.”

அவள் பதினேழாம் நம்பரிலேயே போனாள். புது ஓட்டுநர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடிகாரத்தைப் பார்த்தபடியே வண்டியைக் கிளப்பினார். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஓடிவந்த ஒருத்தி, கதவைத் தட்டிவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

நிதானத்தின் வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அவர் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். இந்த இரண்டு நாளில் வீட்டிலிருந்த எல்லாக் குழாய்க்கும் மாற்றியாகிவிட்டது என்றாள் அவர் மனைவி. அவள் தையல்காரி, தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தபடியே பேசினாள். உறை சுவர்க்கடிகாரத்தின் பின்னால் செருகியிருந்தது. ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது.

“பிரிக்கல டைப்பக்கா,” என்றார் நிதானம். “பிரிச்சாத்தானே நடந்த மாதிரி.”

“தூக்கமே இல்ல இவருக்கு,” என்றாள் மனைவி. “படுத்துக்கிட்டே கால் மட்டும் பிரேக்கு மிதிக்குது.”

நிதானம் உறையை எடுத்து டைப்பக்காவின் கையிலேயே கொடுத்தார். பைக்குள் போட்டுக்கொண்டு ‘தப்பான கவர்’ என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். வேலை போகாது, பொல்லாப்பு வராது. இன்னும் ஒன்பது நாளில் இந்த மனிதர் பயந்துகொண்டே வந்து, எப்போதோ எழுதி முடித்த தீர்ப்புக்காகக் கைகட்டி நிற்பார். அவர் பயத்தை அவள் எதிரிலேயே பார்த்தாள். நடுங்காமல் இருக்கிற நிம்மதி என்று நாத்தனார் வாசித்தது நினைவுக்கு வந்தது. அந்த நிம்மதியை இந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனது தன்னுடைய பத்து விரல்கள்தான் என்று அவளுக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

உறையைத் திருப்பி நீட்டினாள். “பிரிங்கண்ணே. சத்தமாப் படிங்க.”

மனைவிதான் வாங்கிப் படித்தாள். முதல் கடிதம் குற்றச்சாட்டு. அது எதிர்பார்த்ததுதான். பக்கத்தைத் திருப்பினாள்.

“‘இன்று நடந்த விசாரணையில் ஓட்டுநர் கண்ணீர் மல்கத் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.’ என்னங்க இது? விசாரணைக்கு எப்பப் போனீங்க?”

“வெள்ளிக்கிழமைதானே? அடுத்த வெள்ளி.”

“‘தன் இரண்டு பெண்களின் திருமணத்தை முன்னிட்டு மன்னிக்குமாறு வேண்டினார்.’” அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். “நமக்கு இருக்கிறது ஒரு பையன். இந்த ரெண்டு பொண்ணுங்க எங்க இருக்காங்க?”

“சத்தியமா எனக்குத் தெரியாதுடி,” என்றார் நிதானம். இத்தனை கலவரத்திலும் டைப்பக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மூன்றாம் பக்கத்தில் பணிநீக்கம் என்று படித்ததும் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது.

“யாரு எழுதினது இதை?”

“நான்தான்,” என்றாள் டைப்பக்கா. “பதினோரு வருஷமா நான்தான் எழுதறேன். நாப்பத்திமூணு பேருக்கு எழுதியிருக்கேன்.”

தையல்காரி எழுந்து நின்றாள். “வெக்கமா இல்ல உங்களுக்கு?”

“இருக்கு. அதான் கவரை எடுத்துட்டுப் போகல. இதைப் பத்திரமா வெச்சுக்கங்க. யார் வந்து கேட்டாலும் கொடுக்காதீங்க, நானே வந்து கேட்டாலும்.”

டிப்போவுக்குத் திரும்பியதும் மேலாளர் கையை நீட்டினார். டைப்பக்கா வெறுங்கையைக் காட்டினாள்.

“பிரிச்சுட்டானா?”

“நான் போகும்போது பிரிக்கல சார். நான்தான் பிரிக்கச் சொன்னேன்.”

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். “உங்களுக்கும் ஒரு செட் போடணும் போல இருக்கே.”

“போடுங்க சார்,” என்றாள் டைப்பக்கா. “ஆனா அதை யார் டைப் அடிப்பாங்க?”

தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு புதுப் பிரிண்டரை ஒரு கையால் தூக்கி, அதன் ஆட்டத்தை நிறுத்த, பழைய பிரிண்டருக்குப் போலவே இதற்கும் அவளே அடியில் கொடுத்திருந்த தடித்த புத்தகத்தை உருவினாள். பிரிண்டர் ஒரு பக்கம் சாய்ந்தது. அது கம்பெனியின் ஒழுங்குவிதிப் புத்தகம். அது இருப்பது எல்லாருக்கும் தெரியும். பிரிண்டருக்கு அடியில் இருக்கிறது என்றும் தெரியும். நிதானத்தின் வேலையைக் காப்பாற்ற அதில் ஏதாவது ஒரு வரி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அன்று மாலை வீட்டுக்குக் கொண்டுபோனாள். நாத்தனாரும் அவளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தேடினார்கள்.

“அண்ணி,” என்று நாத்தனார் ஒரு பக்கத்தில் விரலை ஊன்றினாள். “உங்க கம்பெனியே எழுதி வெச்சிருக்கு. குற்றம் சாட்டினவர் விசாரணை நடத்தக் கூடாது. வேற டிப்போவிலேர்ந்து ஒரு அதிகாரி வரணும். தொழிலாளி தன் பக்கம் பேச, கூட வேலை செய்யற ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிட்டு வரலாம்.”

“இத்தனை வருஷமா இது என் பிரிண்டருக்கு அடியிலயா இருந்துச்சு?”

“பிரபு புத்தகம் எழுதி முந்நூறு வருஷம் ஆச்சு. உங்க டிப்போவுக்கு வர்ற வழியில ட்ராபிக் போல இருக்கு,” என்றாள் நாத்தனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, டிப்போவின் பயிற்சி அறையில் விசாரணை. ஒரு நீள மேஜை, அந்தப் பக்கம் மேலாளர், ஓரத்தில் சாட்சிகளாகப் போர்மேனும் டைம்கீப்பரும். சன்னலுக்கு வெளியே பணிமுறை முடிந்த ஓட்டுநர்களும் நடத்துநர்களும் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். நிதானம் தேய்த்த சீருடையில் வந்து நின்றார்.

“உன் மேல இருக்கிற குற்றச்சாட்டைப் படிச்சியா?”

“படிச்சேன் சார். விசாரணையில நான் அழுததையும் படிச்சேன்,” என்றார் நிதானம். “அதான் சார் இன்னிக்குக் கைக்குட்டை கொண்டு வந்தேன்.”

சன்னல் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேலாளரின் முகம் இறுகியது. “அது ஆபீஸ்ல நடந்த ஒரு டைப்பிங் தப்பு. அதைப் பிடிச்சுக்கிட்டு…”

“சார், எனக்குப் பேச வராது. துணைக்கு ஒருத்தரைக் கூப்பிட விதியில இடம் இருக்காம். நான் டைப்பக்காவைக் கூப்பிடறேன்.”

குறிப்பெடுக்க ஓரமாக உட்கார்ந்திருந்த டைப்பக்கா எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து, நிதானத்தின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பதினோரு வருடத்தில் அந்த மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து அறை எப்படித் தெரியும் என்று அவள் பார்த்ததே இல்லை. இங்கிருந்து பார்த்தால் மேலாளர் ரொம்ப உயரமாகத் தெரிந்தார்.

“டைப்பிங் தப்பு இல்ல சார்,” என்றாள். “பின் குத்தினது மட்டும்தான் தப்பு. மத்ததெல்லாம் நம்ம வழக்கம். விசாரிக்கறதுக்கு முன்னாலயே தீர்ப்பு எழுதறோம். நாப்பத்திமூணு பேருக்கு எழுதியிருக்கோம். ஆரம்பிச்சு வெச்சது நான். யார் கேட்டாலும் சொல்வேன்.”

“நீங்க ஒரு கிளார்க். உங்க வரம்பு என்னன்னு தெரியுமா?”

“தெரியும் சார். உங்க வரம்பும் இதுல இருக்கு.” அவள் ஒழுங்குவிதிப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள். பிரிண்டரின் கால் தடம் அட்டையில் பள்ளமாகப் பதிந்திருந்தது. “இருபது நொடி ரூலை எழுதினது நீங்க. நிழற்குடைக்குப் பின்னால நின்னு பிடிச்சது நீங்க. தீர்ப்புச் சொல்லவும் நீங்களே உக்காந்தா, இவர் எங்க சார் போய்ப் பேசுவார்? உங்களைக் கெட்டவர்னு நான் சொல்லல. மூணு நாற்காலி சார். நீங்க ஒரு ஆளு.”

மேலாளர் போர்மேன் பக்கம் திரும்பினார். “குறிப்புல இருக்கிறது உங்க கையெழுத்துதானே? சொல்லுங்க.”

போர்மேன் நிதானம் நீட்டிய காகிதத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டி, கிரீஸ் கறையைத் தடவிப் பார்த்தார். “என் கையெழுத்துதான் சார்,” என்றார். “இவர் அழுததுக்கு நான் சாட்சி. எப்ப அழுதார்னு எனக்கும் யாராவது சொன்னா நல்லா இருக்கும்.”

அந்த அறையில் எழுந்த சிரிப்பு பணிமனையின் பழுதுபார்க்கும் பள்ளம்வரை கேட்டதாகச் சொல்வார்கள். டைம்கீப்பர் சிரிக்கவில்லை. அவர் எழுந்து, “என் கையெழுத்தை நான் வாபஸ் வாங்கறேன் சார்,” என்று ரொம்பத் தீவிரமாகச் சொன்னார். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மேலாளர் காகிதங்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். கடைசியில் விசாரணையை ஒத்திவைப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். நிதானமும் டைப்பக்காவும் அனுப்பிய மூன்று கடிதங்களின் நகலும் அன்று காலையே தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து வேறு டிப்போவிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தார். தன் பேனா, தன் தண்ணீர்ப் பாட்டில், ஒரு வெறும் நோட்டு. அந்த நோட்டு வெறுமையாக இருந்ததை டைப்பக்கா கண் நிறையப் பார்த்தாள். ஊன்றுகோல்காரரைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் சந்தைப்பக்கம் சாவி செய்கிறவர்.

“அந்த ரோட்டைத் தாண்ட எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகும்மா,” என்றார் அவர். “இருபது நொடியில தாண்டற கால் எனக்கு இல்ல. இவர் நின்னார். மத்த வண்டியெல்லாம் போயிடும்.”

மேலாளரையும் கேட்டார்கள். தாமதத்தால் மற்ற பயணிகள் படும் கஷ்டத்தை அவர் விவரமாகச் சொன்னார். அதிகாரி அம்மா அதையும் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். அதன் பிறகுதான், எல்லாரும் பேசி முடித்த பிறகுதான், தீர்ப்பு எழுதினார். குற்றம் இல்லை. உடனே வேலையில் சேரலாம். இனி நிறுத்த நேர விதிகளை ஓட்டுநர்களும் இருக்கும் ஒரு குழுதான் எழுத வேண்டும் என்று தலைமை அலுவலகம் தனியாக ஒரு கடிதம் அனுப்பியது.

மறுநாள் காலை நிதானம் பதினேழாம் நம்பரை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, நின்றிருந்த வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. போர்மேன் பழுதுக்கு வந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து அடித்தார். டைப்பக்கா சன்னலில் நின்று அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள், நாற்பத்திமூன்று பேரை நினைத்தும் அழுதாள். அந்த நாற்பத்திமூன்று கோப்புகளையும் மறுபடி பார்க்கச் சொல்லி அவளே ஒரு மனு எழுதி, முதல் கையெழுத்தும் அவளே போட்டிருந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாரும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். மூன்று வாரம் கழித்து மேலாளர்மீதே குற்றச்சாட்டு எழுந்தது. விதியை மீறிப் பொய்க் குறிப்பில் கையெழுத்துப் போட்டதற்காக அவருக்கு விசாரணை. கடிதங்களை இந்த டிப்போவிலேயே தயார் செய்யச் சொல்லி, தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு உதவி அதிகாரி வந்தார். ரொம்ப அவசரக்காரர்.

“கேஸ்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் தெளிவா இருக்கு,” என்றார் அவர். “மூணையும் இப்பவே அடிச்சுடுங்க. பத்து நாள் கழிச்சு நான் மறுபடி இவ்வளவு தூரம் வர முடியாது.”

சன்னலுக்கு வெளியே நின்றிருந்தவர்களுக்கு இனிப்புச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. “போடுங்கக்கா ஒரு செட்டு,” என்று ஒரு நடத்துநர் குரல் கொடுத்தான். “கண்ணீர் மல்கன்னு மறக்காம எழுதுங்க.” நிதானம் மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேலாளர் நடைவழியில், தொழிலாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் ஸ்டாப்வாட்ச் இல்லை. கட்டைவிரலால் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். உறையைப் பிரிக்காமல் வைத்திருந்த நாளில் நிதானத்தின் முகத்தில் அவள் பார்த்த அதே பயம்.

டைப்பக்கா ஒரே ஒரு கடிதம் அடித்தாள். எடுத்து உதவி அதிகாரியிடம் கொடுத்தாள்.

“மத்த ரெண்டு?”

“அவர் பேசினப்புறம் சார்.”

“எனக்கு நேரம் இல்லைம்மா.”

“அவருக்கு வேலையே போகலாம் சார். பத்து நாள் ஆகட்டும்.”

உதவி அதிகாரி அவளைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். சன்னலில் நிதானம் மெல்லத் தலையாட்டினார். அவர் ஆட்டியதைப் பார்த்து அந்த நடத்துநரும் தலையைக் குனிந்துகொண்டான். உதவி அதிகாரி ஒரு கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

டைப்பக்கா கடிதத்தை எடுத்துக்கொண்டு நடைவழிக்கு வந்தாள். மேலாளர் எழுந்து நின்றார்.

“என்ன எழுதியிருக்கீங்க?” என்று கேட்டார்.

“குற்றச்சாட்டு மட்டும்தான் சார். அடுத்த பக்கம் நீங்க சொல்றதைத்தான் எழுதணும்.”

அவர் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. மூலையில் பின்னும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஒருமுறை முழுதாகப் படித்தார். அந்த டிப்போவில் அவர் முழுதாகப் படித்த முதல் குற்றச்சாட்டு அதுவாகத்தான் இருக்கும்.

“துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம்னு விதியில இருக்கே,” என்றார் மெதுவாக. “யாரும் வருவாங்களான்னு தெரியல.”

“கேட்டுப் பாருங்க சார்,” என்று டைப்பக்கா புத்தகத்தை அவர் பக்கத்தில் வைத்தாள். “படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்துடுங்க. பிரிண்டருக்கு நான் வேற கட்டை பார்த்துட்டேன்.”